பெட்டியை மூடும் நேரம்

மறைக்கல்வி வகுப்பு முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். எங்கள் பங்கில் உறுதிபூசுதலுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்கிற இளைஞர்களுள் ஒருவர் அலைபேசியும் கையுமாக என்னிடம் வந்தார். "சாமி, நீங்க படமெல்லாம் பாப்பீங்களா? நல்ல படமா ரெண்டு சொல்லுங்களேன்" என்றார். நான் சற்றும் தயங்காமல், "டென்மார்க் படங்களைப் பார் தம்பி" என்றேன். அவர் முகத்தில் தோன்றிய வியப்பைவிட என் உள்ளத்தில் எழுந்த வியப்பே பெரிது. அந்நாட்டின் பெயர் என் வாயில் அத்தனை விரைவாக வருவானேன்? அன்று மூன்று நான்கு படங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு டென்மார்க் என்றதும் நினைவுக்கு வருவது தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னரின் இசைவோடு டேனியர் அங்குக் கோட்டை கட்டினர். 1845-இல் அதனை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயினர். இடையில் 1706-இல், டேனிய அரசர் அனுப்பிய செர்மானியராகிய சீகன்பால்கு அங்கு வந்திறங்கித் தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய வரலாற்றை நாம் அறிவோம். அரசரே மறைப்பணியாளரை அனுப்பிவைத்த அந்நாட்டில் இன்று நிலைமை வேறு. மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் லூத்தரன் மக்கள் சபையின் உறுப்பினராகப் பெயர் பதிந்திருக்கின்றனர்; ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோரோ மிகச் சிலர். ஆயினும் அந்நாட்டுத் திரைக்கலைஞர்கள் கடவுளையும் கோவிலையும் குருவையும் விட்டபாடில்லை. ஊரைவிட்டுப் போனவன்தான் ஊரைப் பற்றி ஓயாமல் பேசுவான் என்று என் நண்பராகிய குரு ஒருவர் கேலியாகச் சொல்வார். அது பாதி உண்மையே.

1995-ஆம் ஆண்டில் திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி, சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 45 படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சமயம் என்னும் பிரிவில் இருந்தவை 15. அவற்றுள் மூன்று படங்களை இயக்கியவர்கள் டேனியர்கள். கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே வாழும் ஒரு சிறு நாட்டுக்கு இது சிறிய பெருமையன்று. அதே 1995-இல் பாரிஸ் நகரில், லார்ஸ் ஃபொன் டிரியர் என்னும் டேனிய இயக்குநர் அவையினர்மீது சிவப்புத் தாள்களை வீசி, பத்து விதிகள் அடங்கிய ஓர் அறிக்கையை வெளியிட்டார். அமைக்கப்பட்ட அரங்கம் கூடாது, தனி ஒளியமைப்புக் கூடாது, இசையைப் பிற்பாடு சேர்க்கக் கூடாது, படக்கருவியைக் கையிலேயே பிடிக்கவேண்டும் என்றெல்லாம் விதிகள். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கற்பு வார்த்தைப்பாடு'. துறவற சபையினர் இவ்விடத்தில் சிரித்துக்கொள்ளலாம். அவர்களும் அவ்வப்போது விதியை மீறினார்கள். மீறியதைப் பாவசங்கீர்த்தனம் போல எழுதி வெளியிடவும் செய்தார்கள்.

நான் அந்த இளைஞருக்கு எழுதிக் கொடுத்த தாளில் முதலில் இருந்தது 'பாபெட்டின் விருந்து'. காரன் பிளிக்சன் எழுதிய கதையைக் கேப்ரியல் ஆக்சல் 1987-இல் படமாக்கினார். பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற முதல் டேனியப் படம் இதுவே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமக்கு மிகவும் பிடித்த படமாக இதைக் குறிப்பிட்டதுண்டு. 2016-இல் வெளியான 'அன்பின் மகிழ்வு' ஊக்கவுரையிலும் இப்படத்தின் ஒரு காட்சியை எடுத்துக்காட்டினார்.

யூட்லாந்துக் கடற்கரையில் சாம்பல் நிற வானத்தின் கீழ் ஒரு சிற்றூர். அங்கே கண்டிப்பான ஒரு போதகர் தம்மைச் சுற்றிச் சிறு கூட்டத்தைச் சேர்த்திருந்தார். அவருக்கு இரண்டு மகள்கள். ஒருத்தி மார்ட்டின் லூத்தரின் பெயரைத் தாங்கியவள். மற்றவள் லூத்தரின் தோழர் பிலிப் மெலாங்தோனின் பெயரைத் தாங்கியவள். தந்தையின் பணிக்காகக் காதலையும் இசையையும் துறந்து, கருவாட்டையும் ரொட்டிக் கூழையும் உண்டு முதுமை எய்துகிறார்கள். 1871-இல் பாரிஸ் நகரக் கலகத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெட் என்னும் கத்தோலிக்கப் பெண் அவர்கள் வாசலில் வந்து விழுகிறாள். கூலியின்றிப் பதினான்கு ஆண்டுகள் அவ்வீட்டில் சமைக்கிறாள். பிறகு ஒரு நாள் பரிசுச்சீட்டில் அவளுக்குப் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அவள் இசைவு கேட்கிறாள். உயிருள்ள ஆமை வந்து இறங்குகிறது. கூண்டில் காடைகள் வருகின்றன. திராட்சை மது வருகிறது. ஊர்ப் பெரியவர்கள் அஞ்சி நடுங்கி, எதை உண்டாலும் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று தங்களுக்குள் உறுதி செய்துகொள்கிறார்கள். பந்தியில் அமர்வோர் பன்னிருவர்.

அதன் பின் நிகழ்வதை நான் சொல்லப்போவதில்லை. பார்க்கவேண்டிய காட்சி அது. ஆண்டுக்கணக்கில் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த சின்னச் சின்ன வன்மங்கள், இன்னதென்று தெரியாத சுவையில் கரைகின்றன என்பதை மட்டும் சொல்லலாம். விருந்து முடிந்ததும் ஒன்று தெரியவருகிறது. பாபெட் தன் பணம் முழுவதையும் அந்த ஓர் இரவில் செலவிட்டுவிட்டாள். பாரிசுக்கு அவள் திரும்பப்போவதில்லை. எங்கள் பங்குத் திருவிழாவில் சமபந்திக்கு ஆகும் செலவைக் குறைத்து, அதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாமே என்று நான் ஆண்டுதோறும் கூறி வந்தவன். நறுமணத் தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முதன்முதலில் கேட்டவர் யார் என்பதை விவிலியம் அறிந்தவர் அறிவர். இப்படத்தைப் பார்த்த பிறகு நான் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அடுப்படியில் புகையில் நிற்கிற நம் பெண்களிடம் போய் நின்று, கறியில் உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.

தாளில் எழுதிய அடுத்த இரண்டு படங்களும் தாமஸ் விண்டர்பெர்க் இயக்கியவை. 1998-இல் வந்த 'கொண்டாட்டம்', 2012-இல் வந்த 'வேட்டை'. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. முதற்படத்தில், செல்வந்தராகிய தந்தையின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் மூத்த மகன் எழுந்து, சிறுவயதில் அவர் தனக்கும் இறந்துபோன தன் சகோதரிக்கும் இழைத்த பாலியல் கொடுமையை அமைதியாக எடுத்துரைக்கிறான். விருந்தினர்கள் ஒரு கணம் திகைக்கிறார்கள். பிறகு அடுத்த உணவு பரிமாறப்படுகிறது. உண்மை மேசைமேல் கிடக்க, அதைச் சுற்றிக் கரண்டிகள் ஒலிக்கின்றன. இரண்டாம் படத்தில் நிலைமை தலைகீழ். மழலையர் பள்ளியில் பணியாற்றும் லூக்காஸ்மீது, அவனுடைய உற்ற நண்பனின் சிறு மகள் ஏதோ மனக்கசப்பில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறாள். பெரியவர்கள் அதைப் பற்றிக்கொள்கிறார்கள். பிள்ளையே மறுத்தபின்னும் அவர்கள் விடுவதாக இல்லை. ஊரே வேட்டையாடத் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு விழா இரவில், அடிபட்ட முகத்தோடு லூக்காஸ் கோவிலுக்கு வந்து அமர்கிற காட்சியில் மேட்ஸ் மிக்கெல்சனின் கண்களை நான் பல நாள் மறக்கவில்லை. அந்நடிப்புக்காகக் கான் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார்.

குருவாகிய நான் இதை எழுதும்போது கவனமாக எழுதவேண்டும். குழந்தைகள் சொன்னதைக் கேளாமல் விட்டது நம் திரு அவையின் கண்முன் நிற்கும் பாவம். 'வேட்டை' படத்தை மட்டும் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்று எவரும் தலையசைக்கக்கூடாது. அதனால்தான் 'கொண்டாட்ட'த்தை முதலில் பார்க்கவேண்டும் என்கிறேன். ஒரே கலைஞர், மெய்யை ஏற்காத கூட்டத்தையும் பொய்யை விடாத கூட்டத்தையும் காட்டியிருக்கிறார். இரண்டிலும் அமர்ந்திருப்போர் நல்ல குடும்பத்தினர். நம் பங்குப் பேரவையில் இருக்கத்தக்கவர்கள். அவரே 2020-இல் எடுத்த இன்னொரு படம், குடியைப் பற்றியது; ஆஸ்கார் விருதும் பெற்றது. படப்பிடிப்புத் தொடங்கிய சில நாள்களில் தம் 19 வயது மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த நிலையில் அவர் அதை எடுத்து முடித்தார். படம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடியால் வீடுகள் அழிவதை நாள்தோறும் காண்கிற என் பங்கில் அதைத் திரையிட எனக்குத் துணிவில்லை.

தொலைக்காட்சித் தொடர்களையும் சொல்லவேண்டும். டென்மார்க் அரசியலைக் காட்டும் 'போர்கன்' தொடரை ஆட்சியியல் பயில்வோர் விரும்பிப் பார்க்கலாம். எனக்குப் பாதிக்குமேல் பொறுமையில்லை. 2007-இல் தொடங்கிய 'குற்றம்' வேறு வகை. ஓர் இளம்பெண்ணின் கொலை, இருபது நாள் விசாரணை, இருபது பகுதிகள். துப்பறியும் கதைகளில் பிணம் என்பது முதல் பக்கத்தோடு மறக்கப்படும் பொருள். இதிலோ கொலையுண்டவளின் பெற்றோரும் தம்பியரும் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். படக்கருவி இருபது பகுதிகளிலும் அவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. மகளின் தட்டை யார் எடுத்துவைப்பது என்பது போன்ற துயரங்களுக்கு அதில் நேரம் இருக்கிறது. இறப்பு நிகழ்ந்த வீட்டுக்கு முதல் நாள் மட்டும் போய்வருகிற என் போன்றோர் காணவேண்டிய தொடர்.

2017-இலும் 2018-இலும் ஒளிபரப்பான 'ஆண்டவரின் வழிகள்' என்னும் தொடர் நேராகவே குருக்களைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாகப் போதகர்களை ஈந்த ஒரு கோப்பன்ஹேகன் குடும்பம். தந்தை யோகான்னஸ் பேச்சில் வல்லவர். பீடத்தில் நின்றால் மக்கள் உருகுவர். ஆயர் தேர்தலில் தோற்றுக் குடியில் விழுகிறார். பிள்ளைகளை அவர் நேசிக்கிறார், நசுக்கவும் செய்கிறார். மூத்த மகன் தந்தை வகுத்த வழியை விட்டு விலகிப்போகிறான். இளையவன் படைக்குருவாகப் போர்முனைக்குப் போய், குற்றமற்ற ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமாகித் திரும்பி வருகிறான். யோகான்னசாக நடித்த லார்ஸ் மிக்கெல்சன், முன்னே சொன்ன மேட்ஸ் மிக்கெல்சனின் அண்ணன். இப்பாத்திரத்துக்காக 2018-இல் பன்னாட்டு எம்மி விருது பெற்றவர். தொடரில் மிகையும் உண்டு, நம் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கவியலாத காட்சிகளும் உண்டு. எனினும், மறையுரையில் கண்ணீர் வரவழைக்கிற ஒருவர் தம் வீட்டு மேசையில் எதிரே இருப்பவரின் ஒரு சொல்லையும் காதில் வாங்காமல் இருப்பதை அது காட்டுகிற விதம், மணத்துறவு வாழும் எனக்கும் வலித்தது. பங்கு இல்லத்து மேசையும் மேசைதானே.

தாளில் நான் இறுதியாக எழுதியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். 'ஓர்டெட்', அதாவது 'வார்த்தை'. 1955-இல் கார்ல் தியோடர் டிரையர் எடுத்தது. அவ்வாண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. இவரே 1928-இல் பிரான்சில், புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையை வெறும் முகங்களைக் கொண்டே காட்டியவர். அழிந்ததாகக் கருதப்பட்ட அப்படத்தின் நல்ல படி 1981-இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது. டிரையரின் பிறப்பே துயரமானது. மணமாகாத பணிப்பெண்ணுக்குப் பிறந்து, வேற்று வீட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னே, மீண்டும் கருவுற்றிருந்த நிலையில் தாய் மாண்டாள்.

'வார்த்தை'யை நாடகமாக எழுதியவர் காய் முங்க். மேற்கு யூட்லாந்தில் வெதர்சோ என்னும் சிற்றூரின் போதகர். நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பீடத்திலிருந்து பேசியதற்காக, 1944 சனவரி 4-ஆம் நாள் கெஸ்டாப்போவினர் அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக்கொன்றனர். கிராமப் பங்கொன்றில் எத்தனையோ சவப்பெட்டிகளின் அருகே நின்றவர் எழுதிய நாடகம் அது என்பதை நான் தொடக்கத்தில் கருதிப் பார்க்கவில்லை.

கதை எளியது. முதியவர் மார்ட்டன் போர்கன் நிலபுலமுள்ள உழவர். மகிழ்ச்சியான கிறிஸ்தவத்தைப் போற்றுபவர். ஊரில் தையற்காரர் பீட்டரின் கூட்டமோ பாவத்தையும் மனந்திரும்புதலையும் பற்றியே பேசுவது. இரு வீட்டாரும் ஒரே சபையார். ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டார்கள். இந்த நிலை நமக்குப் புதிதன்று. முதியவருக்கு மூன்று மகன்கள். மூத்தவன் மிக்கெல் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் அவன் மனைவி இங்கெர்தான் அவ்வீட்டின் விளக்கு. இளையவன் ஆண்டர்ஸ் தையற்காரர் மகளை விரும்புகிறான். நடுவிலுள்ள யோகான்னஸ் இறையியல் படிக்கப் போய் மனம் பேதலித்துத் தன்னைக் கிறிஸ்து என்று எண்ணி உலவுகிறான். காதல் தோல்வியால் இப்படி ஆயிற்றா என்று புதிதாக வந்த போதகர் கேட்கிறார். இல்லை, கீர்க்ககார்டைப் படித்ததால் ஆயிற்று என்று மிக்கெல் விடை சொல்கிறான். குருமடத்தில் மெய்யியல் பயின்ற எவரும் இவ்விடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

பேறுகாலத்தில் இங்கெர் துன்புறுகிறாள். குழந்தை இறந்து பிறக்கிறது. பிழைத்துவிட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். அவரது வண்டியின் விளக்கொளி சுவரில் ஊர்ந்து மறைகிறது. அந்நேரம் அவள் இறந்துபோகிறாள். வீட்டுக் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். அடக்க நாளில், வெள்ளைவெளேரென்ற அறையில், திறந்த பெட்டியைச் சுற்றி எல்லாரும் நிற்க, போதகர் தகுந்த சொற்களைத் தகுந்த முறையில் சொல்கிறார். காணாமற்போயிருந்த யோகான்னஸ் அப்போது தெளிந்த மனத்தோடு திரும்பி வருகிறான். உங்களுள் ஒருவருக்குக்கூட இவளைத் திரும்பத் தரும்படி கடவுளிடம் கேட்கத் தோன்றவில்லையா என்று அவர்களைக் கடிந்துகொள்கிறான். இங்கெரின் சிறு மகள் மட்டும் அவன் கையைப் பற்றிக்கொண்டு விரைந்து செய்யும்படி கெஞ்சுகிறாள். அவன் அழைக்கிறான். கோத்திருந்த கைகள் மெல்லப் பிரிகின்றன. இங்கெர் எழுகிறாள்.

இறையியல் மாணவனாக இருந்த நாளில் முதன்முறை இதைக் கண்டேன். பேராசிரியர் ஒருவர் எங்கிருந்தோ ஒளிநாடா வாங்கி வந்து, எங்கள் உணவறையில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துத் திரையிட்டார். பாதிப் பேர் உறங்கிவிட்டோம் என்பதே உண்மை. படத்தைப் பற்றி எழுதித் தரும்படி அவர் பணித்தார். நான் எழுதினேன்: இயக்குநர் உயிர்பெற்று மீளுதலையும் உயிர்ப்பையும் வேறுபடுத்தவில்லை, லாசரைப் போல இங்கெரும் மீண்டும் இறப்பாள், கிறிஸ்துவின் உயிர்ப்போ சாவை என்றென்றைக்கும் வென்றது, ஆகவே இம்முடிவு உணர்ச்சியைத் தூண்டுகிறதே ஒழிய நம்பிக்கைக் கோட்பாட்டுக்கு உதவவில்லை. நல்ல மதிப்பெண் கிடைத்தது. அக்கட்டுரையின் இறையியலில் இன்றும் நான் ஒரு வரியை மாற்றமாட்டேன். எழுதியவன்தான் அதுவரை எந்தப் பெட்டியின் அருகிலும் நின்றிராதவன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் இருபத்தாறு வயதுப் பெண் தலைப்பிரசவத்தில் மாண்டுபோனாள். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. கணவர் மோட்டார் பழுது பார்ப்பவர். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர். மாலை 4 மணிக்கு அடக்கத் திருப்பலி. நான் நன்றாகவே மறையுரை ஆற்றினேன் என்று பலர் பின்னர் என்னிடம் கூறினார்கள். திருப்பலி முடிந்து கோவில் முன்றிலில் இறுதியாக முகம் பார்க்க வைத்திருந்தார்கள். அன்று மாலை 6 மணிக்குப் பக்கத்து ஊரில் ஒரு புதுவீட்டு மந்திரிப்புக்கு நான் ஒப்புக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டமோ ஒரு கிலோமீட்டர் தொலைவு. கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடும்படி உபதேசியாருக்குக் கண் காட்டினேன். "கொஞ்சம் இருங்க சாமி" என்றார் அவர். நான் அவர் தோளைத் தொட்டு, கனிவான குரலில், "அவள் ஆன்மா ஆண்டவரிடம் போய்விட்டது தம்பி, இங்கே இருப்பது வெறும் உடல்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். மந்திரிப்புக்கு நான் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அதன் பிறகு அவர் கோவிலுக்கு வராமல் இருக்கவில்லை. ஆனால் உள்ளே வந்து அமர்வதில்லை; வாசற்படியருகே நிற்பார்; நற்கருணை வாங்காமல் போய்விடுவார். துக்கம் ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பணி மிகுதி என்பது குருக்களாகிய எங்களிடம் எப்போதும் கைவசம் உள்ள காரணம்.

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, தூக்கம் வராமல், கணினியில் 'வார்த்தை'யை மீண்டும் பார்த்தேன். குருமடத்து நினைவுதான் தூண்டியது. 'பாபெட்டின் விருந்'தில் மூத்த சகோதரியாக நடித்த பிர்கிட்டே ஃபெடர்ஸ்பீல் என்பவரே இதில் இளம் இங்கெர் என்பதைக் கண்டு மகிழ்ந்தவாறு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கக் காட்சி வந்தது. பெட்டியின் மூடியை எடுக்கிறார்கள். அதுவரை கல்லாக நின்ற மிக்கெல் உடைந்து அழுகிறான். முதியவர் மார்ட்டன் மகனைத் தேற்றுகிறார்: அவள் ஆன்மா இறைவனிடம் இருக்கிறது, இங்கே அவள் இல்லை என்னும் பொருள்பட. அதற்கு மிக்கெல், அவள் உடலையும்தான் நான் நேசித்தேன் என்கிறான்.

படத்தை நிறுத்திவிட்டேன். அந்த முதியவரின் சொற்கள் என் சொற்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டவரின் மறுமொழியை, எழுபது ஆண்டுப் பழமையுடைய ஒரு படத்தில், அன்னிய மொழியில் கேட்டேன். உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் மக்களோடு அறிக்கையிடுகிறவன் நான். மனிதர் உடலும் ஆன்மாவுமாய் ஒன்று என்பதைத் தேர்வில் விரிவாக எழுதியவன். மனைவியின் கையைப் பிடித்து நின்றவரிடம் அது வெறும் உடல் என்று சொன்னேன், மந்திரிப்புக்கு நேரமாயிற்று என்பதற்காக. அன்றிரவு மீதிப் படத்தையும் பார்த்தேன். எழுந்த இங்கெர் கணவனை முத்தமிடுகிற விதம், ஆவியின் முத்தம் அன்று. பசித்த வாய் போல அவன் கன்னத்தைப் பற்றுகிறாள். உயிர்பெற்று மீளுதல், உயிர்ப்பு என்னும் என் பாகுபாடு அங்கே பிழையாகவில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்டர்ஸ் கடிகாரத்தை மீண்டும் ஓடவிடுகிறான்.

சில நாள்கள் கழித்து அக்கிளைக்கிராமத்துக்குப் போனேன். சிலுவைப்பாதைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு நீரேற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, "ஸ்தோத்திரம் சாமி" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "அன்னைக்கு நான் அவசரப்பட்டேன் தம்பி. பெட்டியை மூடச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். வேறு எதையும் ஆயத்தம் செய்து போகவில்லை.

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தவாறு வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவ கை கொஞ்சம் சூடா இருந்த மாதிரி இருந்துச்சு சாமி. அதான்" என்றார்.

உள்ளேயிருந்து பிள்ளை ஓடிவந்தாள். தாயின் முகச்சாயல். அவர் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்தேன். பிள்ளை ஒன்றைத் தேடி எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தாள்.